உள்ளுக்குப் போங்க, இடம் இருக்கு

டொக்டர் ரிஸ்மினா என் இடக்கையைக் கேட்டு வாங்கி
மணிக்கட்டில் ஓடும் இரண்டு நாடிகளையும்
பெருவிரல்களால் அமுக்கிப் பிடித்தார்.
உள்ளங்கை வெளிறி வெட்டிய சுரைக்காய் போலானது.
ஒன்றை விட்டார்.
நகக்கண் வரை சிவப்பு திரும்பி வந்தது.
"உங்கட கைக்கு ஒன்று போதும்,
மற்றதை நாக்குக்கு எடுக்கலாம்" என்றார்.

இருபத்திரண்டு வருடம் நூறாம் நம்பர் பஸ்ஸில்
விரல்களுக்கிடையே தாள்களை மடித்துச் செருகி நின்ற கை.
கன்னத்தில் வெற்றிலை, புகையிலை.
வாய் முழுக்கக் காலி வீதி.
புண் வந்தபோது சுண்ணாம்பு சுட்டது என்றேன்.
ஆறு மாதம் அதையே சொன்னேன்,
யாரும் கேட்காத நேரத்திலும்.

பதினொரு மணித்தியாலம்.
பாதி நாக்கு போனது.
கையின் தோல் நாக்குக்குப் போனது,
மணிக்கூட்டு வார் பதிந்த வெள்ளைக் கோடும் சேர்ந்து.
தொடையின் தோல் கைக்குப் போனது.
தொடை சும்மா கிடந்து எரிந்தது.
என் தொழில் எனக்குத் தெரியும்:
ஒரு சீட் காலியானால் நிற்பவர் வந்து உட்காருவார்,
உள்ளுக்குப் போங்க, இடம் இருக்கு என்பேன்,
எல்லாரும் உள்ளே போன பிறகும்
ஒருவன் மிதிபலகையில் தொங்கிக்கொண்டிருப்பான்.

இரவில் நதீஷா மிஸ்ஸி
மணிக்கொருதரம் டோர்ச் அடித்து
புது நாக்கில் ஊசி குத்திப் பார்ப்பாள்.
எனக்கு வலிக்காது. அது இன்னும் விருந்தாளி.
கறுத்து வந்தால் திரும்பவும் தியேட்டர்.
சிவந்து வந்தால் "ஹொந்தய்" என்று
அட்டையில் ஒரு கோடு போட்டுப் போவாள்.
மூன்றாம் நாள் விடிய ஐம்பத்தெட்டு ஹொந்தய்.
டிக்கட் கணக்குப் போல மனதில் வைத்திருந்தேன்.

பிறகு நாக்கில் முடி முளைத்தது.
முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தாலும்
கண்ணாடியின் முன் வாயைத் திறந்தபடி வெகுநேரம் நின்றேன்.
பரிமளகாந்தி பின்னால் வந்து எட்டிப் பார்த்து
"இனி அதையும் ஷேவ் எடுக்க வேணுமோ?" என்றாள்.
ஐந்து மாதத்துக்குப் பிறகு வீட்டில் சிரிப்பு.
சிரித்தால் எச்சில் வழியும்.
வழிந்தது.

கரண்ட் பிடிக்க மஹரகமவுக்கு முப்பத்து மூன்று நாள்,
நூற்று முப்பத்தெட்டில், பயணியாக.
இறங்கும் இடத்தைத் துண்டில் எழுதிக் காட்டினேன்.
கொண்டக்டர் பொடியன் என் கழுத்துக் கட்டைப் பார்த்தான்,
துண்டைப் பார்த்தான்,
மிச்சம் இருபது ரூபாயைத் தராமல் அடுத்த சீட்டுக்குப் போனான்.
அதட்ட நாக்கு இல்லை.
அதட்டாதவர்களைத் தாண்டி
நானும் அப்படித்தான் போயிருக்கிறேன்.

பேச்சுப் பயிற்சிக்குச் சுரங்கி மிஸ்.
அவரிடமிருந்த படங்களுக்கெல்லாம் சிங்களப் பெயர்.
தமிழில் நான் பிழைவிட்டால் பிடிக்க ஆளில்லை.
ழகரம் எனக்கு முன்பும் வந்ததில்லை,
அதை வருத்தத்தின் கணக்கில் எழுத வேண்டாம்.
படங்களை வைத்துவிட்டு என் சொற்களை எடுத்தேன்.
பம்பலப்பிட்டி முதலில் வந்தது,
முக்கால்வாசி உதட்டாலேயே கட்டிய இடம்.
கொள்ளுப்பிட்டி வழுக்கியது.
வெள்ளவத்தையில் என் வீடு இருக்கிறது;
அதுதான் வரவில்லை.

மாசியில் பியதிலக்க ஒரு நடை ஏறச் சொன்னான்.
அதே கதவு, அதே கம்பி.
கையில் தொடையின் தோல், அதன்மேல் முதல் வெயில்.
சவோய் தியேட்டர் தெரிந்ததும்
அடிவயிற்றிலிருந்து காற்றை எடுத்துக் கத்தினேன்:
"வெய்யவத்தை."

பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
குடையோடு ஒரு மனுஷி எழும்பி வந்து இறங்கினாள்.
கீழே நின்று மிச்சம் கேட்டாள்.
எண்ணிக் கொடுத்தேன்.